பதவி போன பிறகும் ஆபீசுக்கு வந்தவர்: ஆல்ஃப்ரெட் பார்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் கோடிங் கிடையாது, ஏஐ கிடையாது. ஒரு கலை வரலாற்று ஆசிரியரைப் பற்றிப் பேசப் போறேன். உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. இவர் கதையில் ஸ்டார்ட்அப் இருக்கு, ஃபண்டிங் இருக்கு, பர்ன்அவுட் இருக்கு, விசா பிரச்சினை இருக்கு, லே-ஆஃபும் இருக்கு. நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்றுமே இல்லை.

அவர் பெயர் ஆல்ஃப்ரெட் பார். நியூயார்க்கில் இருக்கும் மாடர்ன் ஆர்ட் மியூசியத்தின் முதல் இயக்குநர். சுருக்கமா மோமா. ஊரையே படம் பார்க்க வைத்த ஆளுக்கு 'பார்' என்று பெயர் இருப்பதைத் தமிழில்தான் ரசிக்க முடியும். அந்த ஒரு ஜோக்கோடு நிறுத்திக்கிறேன்.

மோமா என்றால் தெரியாதவர்களுக்கும் வான்கோவின் 'ஸ்டாரி நைட்' தெரியும். நீலமும் மஞ்சளுமாகச் சுழலுகிற அந்த ராத்திரி வானம். எங்க டீமில் மட்டும் ரெண்டு லேப்டாப் ஸ்டிக்கர், ஒரு போன் கவர் இருக்கு. அந்தப் படம் மோமாவுக்கு வந்தது 1941-ல், பார் இயக்குநராக இருந்தபோது. அது வந்து ரெண்டே வருஷத்தில், 1943 அக்டோபரில், அவர் கையில் ஒரு கடிதம் வந்தது. இனிமேல் நீங்கள் இயக்குநர் இல்லை என்று.

அந்தக் கடிதத்துக்கு அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதற்காகத்தான் இந்த எபிசோட். ஆனால் அதற்கு முன்னாடி அவர் எதைக் கட்டினார் என்று தெரிந்தால்தான் எதை இழந்தார் என்பது புரியும்.

பார் பிறந்தது 1902-ல், டெட்ராய்ட்டில். அப்பா கிறிஸ்தவ மத போதகர். வளர்ந்தது பால்டிமோரில். பிரின்ஸ்டனில் கலை வரலாறு படித்தார், பிறகு ஹார்வர்டு. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கலை வரலாறு என்றால் கிரீஸ், ரோம், மறுமலர்ச்சிக் காலம். அதோடு சரி. பிக்காசோ உயிரோடு வரைந்துகொண்டிருக்கிறார், ஆனால் சிலபஸில் இல்லை.

1926-ல் பாஸ்டன் பக்கத்தில் வெல்லஸ்லி என்ற பெண்கள் கல்லூரியில் பாருக்கு வேலை கிடைக்கிறது. அடுத்த வருஷம் அங்கே ஒரு பாடம் ஆரம்பிக்கிறார். அமெரிக்கக் கல்லூரிகளில் இருபதாம் நூற்றாண்டுக் கலைக்கென்று நடந்த ஆரம்பகாலப் பாடங்களில் அது ஒன்று. அவருக்கு 25 வயசு. பாடம் நடத்திய விதம்தான் அழகு. மாணவிகள் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கணும். கேம்பிரிட்ஜில் இருந்த நெக்கோ மிட்டாய் ஃபேக்டரியை ஒரு கட்டிடக்கலைப் படைப்பாகப் பார்த்தார், அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவும் செய்தார். வகுப்பில் சேர வந்தவர்களுக்கு அவர் கொடுத்த வினாத்தாளை 'வானிட்டி ஃபேர்' பத்திரிகை 1927-ல் அச்சிட்டது. ஓவியர், எழுத்தாளர், சினிமாக்காரர் பெயர்களுக்கு நடுவே நியூயார்க்கின் ஒரு பெரிய துணிக்கடை பெயரும் இருந்தது. நவீன கலையை அந்தக் கடையின் ஷோகேஸ்தான் நிறையப் பேருக்கு அறிமுகப்படுத்தியது என்பது அவருடைய கணக்கு. தி.நகரில் போத்தீஸ் ஷோகேஸை வைத்து ஒரு புரொபசர் கேள்வி கேட்பதாக நினைத்துப் பாருங்க.

1927 கடைசியில் நண்பர் ஜெர் ஆபட்டோடு ஐரோப்பா கிளம்புகிறார். ஜெர்மனியில் டெசாவ் நகரில் பவ்ஹவுஸ் பள்ளி. அங்கே ஓவியம், தச்சு, நெசவு, அச்செழுத்து, கட்டிடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அங்கிருந்து மாஸ்கோ. அங்கே சினிமா இயக்குநர் ஐசன்ஸ்டைனைச் சந்திக்கிறார். புரட்சி முடிந்து பத்து வருஷம் ஆன ஊரில் எல்லாக் கலையும் ஒன்றோடொன்று கலந்து ஓடுவதைப் பார்க்கிறார். இந்தப் பயணத்தில் பார்த்ததைத்தான் பிறகு மோமாவாகக் கட்டினார் என்று சொன்னால் பெரிய தப்பு இருக்காது.

அடுத்து ஃபண்டிங். நியூயார்க்கில் மூன்று பணக்காரப் பெண்கள்: ஆபி ராக்ஃபெல்லர், லில்லி பிளிஸ், மேரி சல்லிவன். நவீன கலைக்கு ஒரு மியூசியம் வேண்டும் என்பது இவர்கள் யோசனை. ஆபியின் கணவர் அந்த எண்ணெய்க் கம்பெனி ராக்ஃபெல்லரின் மகன். அவருக்கு இந்த மாடர்ன் படங்களைக் கண்டாலே ஆகாது. வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தும் அந்தம்மா விடவில்லை. இயக்குநராக யாரைப் போடலாம் என்று ஹார்வர்டு பேராசிரியர் பால் சாக்ஸைக் கேட்கிறார்கள். கோல்ட்மேன் சாக்ஸ் குடும்பத்து சாக்ஸேதான். பேங்க் வேலையை விட்டுவிட்டு மியூசியத்துக்கு வந்தவர். அவர் தன் மாணவன் பார் பெயரைச் சொல்கிறார். பாருக்கு 27 வயசு. பிஎச்டி கூட முடிக்கவில்லை.

1929 நவம்பர் 8. மோமா திறக்கிறது. தேதியைக் கவனிங்க. அதற்குப் பத்து நாள் முன்னாடிதான் வால் ஸ்ட்ரீட் சரிந்து அமெரிக்காவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது. சொந்தக் கட்டிடம் இல்லை. ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு ஆபீஸ் பில்டிங்கின் 12-ம் மாடியில் வாடகைக்கு ஆறு அறை. முதல் கண்காட்சி செசான், கோகான், சூரா, வான்கோ. ஒரு மாசத்தில் சுமார் 47,000 பேர் வந்தார்கள். லிஃப்ட்டுக்கு என்ன கூட்டம் இருந்திருக்கும்!

டிரஸ்டிகள் எதிர்பார்த்தது ஓவியமும் சிற்பமும்தான். பார் மனசில் இருந்தது வேறு. கட்டிடக்கலை, போட்டோ, சினிமா, அச்சு, வீட்டுச் சாமான் எல்லாம் மியூசியத்துக்குள் வரணும் என்று ஆரம்பத்திலேயே திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அப்போது அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார். 1932-ல் கட்டிடக்கலைக் கண்காட்சி. 1935-ல் சினிமா நூலகம். 1940-ல் போட்டோகிராஃபிக்குத் தனித் துறை. இன்றைக்கு மியூசியத்தில் ஒரு சினிமாவையோ நாற்காலியையோ பார்த்தால் நமக்கு ஆச்சரியமே வருவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1934-ல் நடந்த 'மெஷின் ஆர்ட்'. தயாரித்தவர் பிலிப் ஜான்சன், பாரின் நண்பர். இந்தப் பெயரை ஞாபகம் வைச்சுக்கோங்க, திரும்ப வருவார். அந்தக் கண்காட்சியில் சிலை, ஓவியம் ஒன்றுகூட இல்லை. ஸ்பிரிங், கப்பல் புரொப்பெல்லர், பால் பேரிங். கேட்டலாக் அட்டையிலேயே ஒரு பால் பேரிங்தான். எந்தப் பொருள் அழகு என்று தேர்ந்தெடுக்க ஒரு ஜூரி வைத்தார்கள். அதில் தத்துவ அறிஞர் ஜான் டூயியும் விமானி அமீலியா இயர்ஹார்ட்டும் இருந்தார்கள். காலேஜில் மெக்கானிக்கல் பசங்க லேபில் கிரீஸ் கையோடு பேரிங்கைச் சுத்தி விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாங்க. ஏன்டா என்று கேட்டால், சும்மா என்பாங்க. அந்த 'சும்மா'வுக்கு ஒரு மியூசியம் 1934-லேயே கண்ணாடிப் பெட்டி வைத்துவிட்டது.

சரி, கொஞ்சம் பின்னாடி போகணும். 1932-ல் பார் உடைந்து போகிறார். தூக்கம் வரவில்லை. மூன்று வருஷமாக எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டதன் விளைவு. நம்ம பாஷையில் பர்ன்அவுட். மியூசியம் ஒரு வருஷம் விடுப்பு கொடுக்கிறது. மனைவி மார்கரெட்டோடு ஐரோப்பா போகிறார்.

மார்கரெட் ஸ்கோலாரி பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ரோமில் பிறந்தவர், பல மொழி தெரிந்தவர். எல்லோரும் மார்கா என்று கூப்பிடுவார்கள். கல்யாணம் 1930-ல், பாரிஸில். பாருக்குப் பிற மொழி சுமார்தான். பாரிஸில் பிக்காசோவிடமும் மற்ற ஓவியர்களிடமும் பேசினது, கடிதம் எழுதினது, படத்தை இரவல் கேட்டு வாங்கினது, எல்லாவற்றிலும் மார்காவின் குரல்தான். மோமா சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிற்பாடு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் பார்த்தார்.

ரெண்டு பேரும் 1933 ஆரம்பத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வைத்தியத்துக்காக. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே வாரங்கள். ஓய்வு எடுக்கப் போன மனுஷன் தன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்க்கிறார். ஆஸ்கர் ஷ்லெம்மர் என்ற ஓவியரின் கண்காட்சி மார்ச்சில் அங்கே திறக்கிறது. சில நாளிலேயே மூட வைக்கிறார்கள். ஷ்லெம்மர் வரைந்த 'பவ்ஹவுஸ் படிக்கட்டு' என்ற படத்தை உடனே வாங்கிப் போடு என்று பார் தந்தி அடிக்கிறார், பிலிப் ஜான்சனுக்கு. மூட வைத்தவர்களைக் கடுப்பேற்றவே வாங்கச் சொன்னதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். சொன்ன வார்த்தை கொஞ்சம் கெட்ட வார்த்தை, இங்கே வேண்டாம். ஜான்சன் வாங்கினார். படம் இன்றைக்கு மோமாவிடம் இருக்கு.

இதில் ஒரு கசப்பும் இருக்கு. அதே ஜான்சன் 1934 கடைசியில் மியூசியத்தை விட்டுப் போய், நாஜிகளுக்கு ஆதரவாக அரசியல் பேச ஆரம்பித்தார். பிறகு திரும்பி வந்து உலகப் புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர் ஆனார். பார் அந்த நட்பை விடவில்லை. அவர் ஏன் விடவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை, நியாயப்படுத்தவும் மனசு வரவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் பார்த்ததை பார் கட்டுரைகளாக எழுதினார். ஹிட்லர் ஆட்சியில் ஓவியம், சினிமா, கட்டிடம் எல்லாவற்றுக்கும் என்ன நடக்கிறது என்று. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். சினிமா பற்றிய ஒன்றுதான் ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. ஓவியம் பற்றிய கட்டுரை அச்சானது 1945-ல், போரே முடிகிற நேரத்தில். பன்னிரண்டு வருஷம் லேட்.

அப்புறம் 1936. 'கியூபிசமும் அரூபக் கலையும்' என்று ஒரு கண்காட்சி. இதற்காக முந்தின வருஷம் ஜெர்மனிக்குத் திரும்பப் போனார்கள். ஹானோவர் மியூசியத்தில் ரஷ்ய ஓவியர் மாலெவிச்சின் படங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. மியூசிய இயக்குநர் டார்னர் அவற்றில் சிலவற்றை பாரிடம் கொடுத்தார். நாஜி எல்லையைத் தாண்டணுமே. கான்வாஸைச் சுருட்டி குடைக்குள் வைத்து எடுத்து வந்தார்கள். ஆமா, மழைக்குப் பிடிக்கிற குடைதான்.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்காட்சிக்குப் பொருள் சேர்த்தால், நியூயார்க் துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்போதைய சட்டப்படி கலைப்படைப்புக்கு வரி கிடையாது. ஆனால் சிற்பம் என்றால் மனுஷனையோ மிருகத்தையோ போல இயற்கையில் இருக்கிற உருவமாக இருக்கணும். வந்திருந்ததில் 19 சிற்பங்கள் எந்த உருவத்திலும் சேரவில்லை. ஆக, அவை சிற்பமே இல்லை. ஃபாரம் வேலிடேஷன் ஃபெயில்! கடைசியில் ஈட்டுப் பத்திரம் கொடுத்துத்தான் உள்ளே கொண்டு வர முடிந்தது. இந்தக் கூத்தை பார் அந்தக் கேட்டலாக்கிலேயே பதிவு செய்தார்.

அந்தக் கேட்டலாக்கின் மேலட்டைதான் என்னை இவரிடம் இழுத்துக்கொண்டு வந்தது. அட்டை முழுக்க ஒரு வரைபடம். மேலே 1890, கீழே 1935. வான்கோ, கோகான், செசான், சூரா என்று பெயர்களிலிருந்து அம்புக்குறிகள் இறங்குகின்றன. நடுவில் கியூபிசம். அதிலிருந்து பிரிந்து ஃப்யூச்சரிசம், சுப்ரீமாட்டிசம், கன்ஸ்ட்ரக்டிவிசம், டி ஸ்டைல், பவ்ஹவுஸ். ஜப்பானிய அச்சுப் படங்கள், ஆப்பிரிக்கச் சிற்பம், இயந்திர அழகியல் போல வெளியிலிருந்து வந்த தாக்கங்கள் சிவப்பு எழுத்தில். கடைசியில் எல்லாம் ரெண்டே ஆறாகச் சேருகிறது: கணித வடிவ அரூபக் கலை, கணித வடிவமில்லாத அரூபக் கலை.

முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தோன்றினது, இது கிட் பிராஞ்ச் கிராஃப் ஆச்சே! எது எதிலிருந்து பிரிந்தது, எது எதில் மெர்ஜ் ஆனது, எல்லாம் இருக்கு. அதுவரைக்கும் இந்த இசங்கள் எல்லாம் எனக்குக் குழப்பம். ஒரே பக்கத்தில் தெளிவாச்சு. இதைப் பல தடவை கையால் வரைந்து அடித்துத் திருத்தியிருக்கிறார். அந்தக் கிறுக்கல் தாள்கள் இன்னும் இருக்கின்றன.

ஆனால் தெளிவாக இருப்பதாலேயே சரியாக இருக்கணும் என்று இல்லை. 1937-லேயே மேயர் ஷபீரோ என்ற கலை வரலாற்று ஆசிரியர் இதைப் பிடித்துக்கொண்டார். கலை தானாகவே ஒரு பாணியிலிருந்து அடுத்த பாணியைப் பெற்றுப்போட்டுக்கொண்டே போகிற மாதிரி காட்டுகிறாயே, அந்த மனுஷர்கள் வாழ்ந்த சமூகம் எங்கே என்பது அவர் வாதம். நியாயமான கேள்வி. இன்னொன்று நான் சொல்றேன். அந்தப் படத்தில் பெயர் சொல்லி வருகிற ஓவியர்களில் ஒரு பெண்கூட இல்லை. ஆப்பிரிக்கச் சிற்பம் ஒரு சிவப்புப் பெட்டி. அதைச் செதுக்கினவனுக்குப் பெயரே கிடையாது. அவ்வளவு பெரிய கண்டம், ஐரோப்பாவுக்கு இன்புட். 2012-ல் மோமாவே இந்த அட்டையைத் திரும்ப எடுத்து வேறு விதமாக வரைந்தது. இசங்களுக்குப் பதிலாக மனிதர்கள், யாருக்கு யாரைத் தெரியும் என்ற ஒரு நெட்வொர்க். அதில் பெண்களும் தெரிந்தார்கள். மரம் போய் வலை வந்தாச்சு. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விசா கதை சொல்றேன் என்றேன் இல்லையா. 1940-ல் பிரான்ஸ் விழுந்தது. நூற்றுக்கணக்கான எழுத்தாளர்கள், ஓவியர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்க வேரியன் ஃப்ரை என்ற அமெரிக்கர் மார்சேய் நகருக்குப் போகிறார். எந்த ஓவியர்களை மீட்பது என்ற பட்டியலுக்கு உதவியது பார். நியூயார்க்கில் உட்கார்ந்து பேப்பர் வேலை முழுவதையும் பார்த்தது மார்கா. ஒவ்வொரு ஓவியருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதணும், அமெரிக்காவில் பொறுப்பேற்க ஒரு ஸ்பான்சர் பிடிக்கணும், கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் திரட்டணும், அரசியல் ரீதியாக ஆபத்து இல்லாத ஆள் என்று நாலு பேரிடம் கடிதம் வாங்கணும். ஹெச்-1பி வாங்கின அனுபவம் உள்ளவர்கள் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிங்க. இதில் ரிஜெக்ட் ஆனால் அடுத்த வருஷம் அப்ளை பண்ணலாம் என்ற கதை இல்லை. மார்க் ஷகால், மாக்ஸ் எர்ன்ஸ்ட், ழாக் லிப்ஷிட்ஸ், இவர்களெல்லாம் 1941-ல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது 1943.

மோமாவுக்கு 53-ம் தெருவில் சொந்தக் கட்டிடம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. 1939-ல் பிக்காசோவின் பெரிய கண்காட்சி நடந்து முடிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அமோகம். உள்ளே புகைந்துகொண்டிருந்தது. டிரஸ்டிகளின் தலைவர் ஸ்டீபன் கிளார்க். சிங்கர் தையல் மெஷின் சொத்தின் வாரிசு, தானே பெரிய ஓவியச் சேகரிப்பாளர். பார் நிர்வாகத்தில் கெட்டி கிடையாது, எழுத வேண்டியதை லேட் பண்ணுகிறார் என்பது அவர் குறை. அதில் உண்மையும் இருந்தது. பார் ஒரு பத்தியை எழுதி எழுதிக் கிழிக்கிற ரகம்.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினது ஒரு ஷூ பாலிஷ் ஸ்டாண்ட். ஜோ மிலோன் என்று நியூயார்க்கில் ஷூ பாலிஷ் போடுகிறவர். தன்னுடைய ஸ்டாண்டை மணியும் மினுமினுப்புமாகத் தேர் மாதிரி அலங்கரித்து வைத்திருந்தார். நம்ம ஊர் லாரியின் முகப்பு அலங்காரத்தை நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அந்த ஜாதி. 1942 கிறிஸ்துமஸ் சமயத்தில் பார் அதைக் கொண்டு வந்து மியூசியத்தின் முன்கூடத்தில் வைத்தார். கிளார்க் கொதித்துப் போனார். அடுத்த வருஷம் மாரிஸ் ஹிர்ஷ்ஃபீல்டு என்பவருக்குத் தனிக் கண்காட்சி. செருப்புத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு வரைய ஆரம்பித்தவர், முறையாகப் படிக்காதவர். அவர் வரைந்த பெண்களுக்கு ரெண்டு காலும் இடது காலாக இருக்கும். பத்திரிகைகள் அதை வைத்தே ஓட்டின.

அக்டோபரில் கடிதம் வந்தது. இயக்குநர் பதவி இல்லை. 'ஆலோசனை இயக்குநர்' என்று ஒரு பட்டம். சம்பளம் 12,000 டாலரில் இருந்து 6,000. வேலை: உட்கார்ந்து புத்தகம் எழுதுவது. ஐடி பாஷையில் சொல்லணும் என்றால், பதினாலு வருஷமாக கம்பெனியைக் கட்டினவரைப் பாதிச் சம்பளத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இதுக்கு மரியாதையான அர்த்தம், நீயே பேப்பர் போட்டுட்டுப் போயிடு. அவருக்கு வயசு 41.

அவர் பேப்பர் போடவில்லை.

ஆபீஸ் ரூம் போச்சு. மியூசியத்தின் நூலகத்தில் ஒரு சின்னத் தடுப்புக்குள் மேஜை போட்டுக்கொண்டார். தினமும் வந்தார். நேற்று வரை தனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் நடமாடுகிற அதே தாழ்வாரம். அவமானமா இருக்காதா? கண்டிப்பா இருந்திருக்கும். நம்ம ஆபீஸில் லே-ஆஃப் நடந்த அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் கான்டீனில் சிரிச்சுப் பேசினவங்களோட கண்ணைச் சந்திக்க முடியாமல் லிஃப்டுக்குப் பதிலா படியில் இறங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். பார் அந்த லிஃப்டில் வருஷக்கணக்கில் ஏறி இறங்கினார்.

அந்தத் தடுப்புக்குள் இருந்து எழுதியதுதான் 'பிக்காசோ: ஐம்பது ஆண்டுக் கலை'. 1946-ல் வெளிவந்தது. உயிரோடு இருக்கிற ஒரு ஓவியரைப் பற்றி இவ்வளவு கவனமாக, தேதி தேதியாகச் சரிபார்த்து எழுதலாம் என்று காட்டிய புத்தகம். ஹார்வர்டு அதையே ஆய்வேடாக ஏற்றுக்கொண்டு அவருக்குப் பிஎச்டி கொடுத்தது. 27 வயசில் விட்டுப்போன டிகிரி, 44 வயசில்.

இதற்குள் வெளியே அவருடைய நாற்காலிக்கு என்ன ஆச்சு? ஆறு வருஷம் மோமாவுக்கு இயக்குநரே கிடையாது. கமிட்டிகள் ஓட்டின. ஓவியத் துறைக்குப் பொறுப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் ஒரு படத்தை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி வந்தால், ஆளுங்க நூலகத்துக்குத்தான் போனார்கள். பதவி இருக்கோ இல்லையோ, விஷயம் தெரிஞ்ச ஆள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். 1947-ல் மியூசியம் ஒரு புதுப் பதவி உண்டாக்கி அவரை அதில் உட்கார வைத்தது: சேகரிப்புகளின் இயக்குநர். 1949-ல் ரெனே டார்னன்கோர் மியூசியத்தின் இயக்குநராக வந்தார். ரெண்டு பேருக்கும் நல்ல ஒத்துழைப்பு. பார் 1967-ல் ஓய்வு பெறும் வரைக்கும் அந்தப் பதவியில்தான் இருந்தார். இயக்குநராக இருந்தது 14 வருஷம், சேகரிப்புகளைப் பார்த்துக்கொண்டது 20 வருஷம். பட்ஜெட், கட்டிடம், டிரஸ்டி சண்டை என்று எதுவும் தலையில் இல்லாமல் படத்தைப் பார்ப்பது மட்டுமே வேலை. இன்றைக்கு மோமாவின் நிரந்தரக் கூடங்களில் நாம் பார்க்கிறதில் பெரும்பகுதியின் எலும்புக்கூடு அந்த வருஷங்களில் நின்றது.

இதைக் கேட்டுவிட்டு, அப்ப லே-ஆஃப் ஆனாலும் தினமும் ஆபீஸ் போகணுமா என்று யாரும் மெசேஜ் பண்ண வேண்டாம். நமக்கு மீட்டிங் முடிவதற்குள்ளேயே லாகின் கட்டாகிடும். ஐடி கார்டு கேட்டில் வேலை செய்யாது. உட்காருவதற்கு நூலகமும் கிடையாது. பாருக்கு மார்காவின் சம்பளம் ஒன்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. டிரஸ்டிகளிலேயே அவர் பக்கம் பேச ஆட்கள் இருந்தார்கள். பாதிச் சம்பளமான 6,000 டாலரும் அந்தக் காலத்தில் பட்டினி போடுகிற தொகை இல்லை. இதையெல்லாம் கழித்துவிட்டு அவருடைய பிடிவாதத்தை மட்டும் எடுத்து இன்ஸ்டா ரீல் போட்டால் அது பொய். ஆனால் பிடிவாதம் இருந்தது. அதுவும் உண்மை.

அவர் சேகரிப்பைப் பற்றி யோசித்த விதம் இன்னொன்று சொல்லணும். 1933-லேயே டிரஸ்டிகளுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு டார்ப்பிடோ படம் வரைந்தார். மியூசியத்தின் நிரந்தரச் சேகரிப்பு காலத்துக்குள் பாய்கிற ஒரு டார்ப்பிடோ. மூக்கு எப்போதும் நிகழ்காலத்தில், வால் ஐம்பது நூறு வருஷம் பின்னாடி. முன்னே போகப் போக வால் பக்கம் இருக்கிற பழைய படங்களை விற்றோ கொடுத்தோ அனுப்பிடணும். ஸ்லைடிங் விண்டோ. பேப்பரில் பிரமாதம். நடைமுறையில் எவன் விற்பான் செசானை? பக்கத்து மெட்ரோபாலிடன் மியூசியத்தோடு 1947-ல் அப்படி ஒரு ஒப்பந்தமே போட்டார்கள். சில வருஷத்திலேயே கைவிட்டார்கள். இன்றைக்கு அந்த டார்ப்பிடோ நூற்று முப்பது வருஷ நீளத்துக்கு வால் வளர்ந்து ரயில் மாதிரி நிற்கிறது. லெகசி கோடை டெலீட் பண்ணத் துணிச்சல் வராத நம்ம யாருக்கும் இதில் சிரிக்கிற உரிமை இல்லை.

கடைசியாக ஒரு சம்பவம். 1958 ஜனவரி. லியோ காஸ்டெல்லியின் கேலரியில் ஒரு புதுப் பையனின் முதல் தனிக் கண்காட்சி. பெயர் ஜாஸ்பர் ஜான்ஸ், வயசு 27. பார் அங்கே போய்ப் பார்க்கிறார். அவருக்கு 56 ஆகப் போகிறது. அந்த ஒரே கண்காட்சியில் இருந்து மூன்று படங்களை மியூசியத்துக்கு எடுத்துக்கொள்கிறார். யாரென்றே தெரியாத பையனிடம் மூன்று! நாலாவதாக ஒன்று அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது: 'கொடி'. அமெரிக்கக் கொடியை அப்படியே, மெழுகு கலந்த பெயின்டில் வரைந்தது. ஆனால் அது மெக்கார்த்தி காலத்தின் சூடு தணியாத நேரம். மாடர்ன் ஆர்ட் என்றாலே கம்யூனிஸ்ட் சதி என்று சொல்லிக்கொண்டு அலைந்த அரசியல்வாதிகளுக்கு பதில் சொல்லவே பார் 1952-ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தேசியக் கொடியை இப்படி வரைந்ததை வாங்கினால் டிரஸ்டிகள் பயப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவை பட்டவர் ஆச்சே.

அதனால் பழைய நண்பர் பிலிப் ஜான்சனிடம், நீ வாங்கி வை, பிறகு மியூசியத்துக்குக் கொடு என்றார். ஸ்டுட்கார்ட்டில் இருந்து தந்தி அடித்த அதே டெக்னிக். ஜான்சன் வாங்கினார். உடனே கொடுக்கவில்லை, பதினைந்து வருஷம் வைத்திருந்தார். 1973-ல்தான் கொடுத்தார், ஆல்ஃப்ரெட் பாரைக் கௌரவித்து என்று எழுதி. பார் அப்போது ஓய்வில் இருந்தார். அதன் பிறகு அல்சைமர் வந்து ஞாபகம் ஒவ்வொன்றாகப் போனது. 1981 ஆகஸ்டில் கனெக்டிகட்டில் காலமானார். அந்தக் கொடிப் படத்தின் பக்கத்தில் இருக்கிற சின்ன லேபிளில் கடைசி வரியில் அவர் பெயர் இருக்கிறது.

இந்த வாரம் இவ்வளவுதான். 1936 கேட்டலாக் அட்டையைக் கூகுளில் தேடிப் பாருங்க, போனில் இல்லாமல் பெரிய ஸ்கிரீனில். அதில் உங்களுக்கு எந்த அம்புக்குறி தப்பாகத் தெரிகிறது என்று எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திக்கலாம்.